மடத்துக்கு மடம் கோடு இழுப்பது எப்படி: ஆங்கிலோ-சாக்சன் துறவிகளின் தொடர்பு வலையைத் தாளில் வரைய ஒரு வழி

முதலில் பெரிய பிறிஸ்டல் போட் ஒன்று வாங்குங்கள். கணினி, மென்பொருள் எல்லாம் பிறகு பார்க்கலாம். வெள்ளைதான் நல்லது, நிறப் போட்டில் பேனைக் கோடு எடுபடாது. பென்சில், நல்ல றப்பர், நாலு நிறப் பேனை, ஒரு சீஆர் கொப்பி, ஐந்து ரூபாய்க் குத்தி இரண்டு. குத்தி எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன்.

வெளிவாரிப் பட்டத்துக்கு ஐரோப்பிய வரலாறு படிக்கும் பிள்ளைகள் சிலர் சனிக்கிழமைகளில் திருமலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் கூடுவார்கள். போன மாதம் அதில் ஒருத்தி கேட்டாள்: "அண்ணை, பீடும் போனிஃபாஸும் ஒரே காலம்தானே, ஆளை ஆள் தெரியுமா?" பதில் சொல்ல வாயைத் திறந்தவன் அப்படியே மூடிக்கொண்டேன். இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. பீட் 673 வாக்கில் பிறந்து 735இல் இறந்தவர், வடக்கே வேர்மவுத்–ஜாரோ மடத்துத் துறவி. போனிஃபாஸ் 675 வாக்கில் தெற்கே பிறந்து, கடல் கடந்து ஜெர்மானிய நாடுகளில் வேதம் போதித்து, 754 ஜூன் 5ஆம் திகதி ஃப்ரீசியாவில் வெட்டுப்பட்டு இறந்தவர். அந்த நூற்றாண்டில் இங்கிலாந்துத் திருச்சபை பெற்ற ஆட்களில் இவர்களைவிடப் பெரிய பெயர் சொல்வது கஷ்டம். தெரிந்திருக்க வேண்டும்தானே? ஊகத்தில் பதில் சொல்லாமல், ஆளுக்கொரு புள்ளி, தொடர்புக்கொரு கோடு என்று வரைந்தே பார்ப்போம் என்று இறங்கினோம். எப்படி வரைந்தோம், எங்கே சறுக்கினோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன், அதே வழியில் நீங்களும் போகலாம்.

கை பழகுவதற்குச் சொந்த ஊர்

நேரே எட்டாம் நூற்றாண்டுக்குப் போகாதீர்கள். முதலில் தெரிந்த ஒரு வட்டத்தை வரையுங்கள். நம்மூரில் யாராவது காலமானால் 31ஆம் நாளுக்கு நினைவு மலர் அச்சடிப்போம் அல்லவா, அது ஒன்று போதும். நான் என் பெரியம்மாவின் மலரை எடுத்தேன். பின்பக்க நன்றி நவிலலில் எல்லாரும் இருந்தார்கள்: பூசை வைத்த சுவாமி, செபமாலை சொல்ல வந்த கன்னியர் மடத்துச் சிஸ்டர்மார், மலர்வளையம் அனுப்பிய இரண்டு பங்குகள், பந்தல் போட்டுத் தந்த பக்கத்துக் கோயில் நிர்வாக சபை. ஒரே பின்னேரத்தில் நாற்பது புள்ளி வைத்துக் கோடும் இழுத்துவிட்டேன். ஒரு சிஸ்டரை மட்டும் தாளின் மூலையில் தனியாக விட்டிருந்தேன், ஏனென்றால் அவரோடு எங்களுக்கு என்ன தொடர்பு என்று மலரில் இல்லை. தேத்தண்ணி கொண்டுவந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அவவை ஏன் தூரத்தில வைச்சிருக்கிறாய்? அம்மம்மாட தங்கச்சிட மகளெல்லோ அவ" என்றார்.

சிஸ்டர் வார்த்தைப்பாடு கொடுத்தபோது வேறு பெயர் எடுத்துக்கொண்டார், பழைய பெயர் போனதோடு சொந்தமும் தாளில் மறைந்து போயிற்று. இதே சிக்கல்தான் அங்கேயும். போனிஃபாஸ் என்பது 719இல் பாப்பரசர் இரண்டாம் கிரகோரி வைத்த பெயர், வீட்டில் அவர் வின்ஃபிரித். ஆகவே கொப்பியில் ஒவ்வொரு ஆளுக்கும் அரைப்பக்கம் ஒதுக்கி, மேலே எல்லாப் பெயர்களையும் எழுதிவிட்டுத்தான் தாளில் புள்ளி வைக்கவேண்டும். கொப்பி முந்தி, தாள் பிந்தி.

புள்ளி வைப்பது

பெயர்தான் பெரிய தலையிடி. நான் முதல் வரைந்த தாளில் கத்பெர்ட் என்று ஒரு புள்ளி வைத்தேன், அதிலிருந்து நாலு பக்கமும் கோடு பறந்தது, அடடா இவர்தான் வலையின் நடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லியும்விட்டேன். பிறகு ஆண்டுகளைப் பார்த்தால் கதை கந்தல். லிண்டிஸ்ஃபார்ன் தீவின் புனித கத்பெர்ட் 687இலேயே இறந்துவிட்டார். கான்டர்பரிப் பேராயர் கத்பெர்ட் 740 முதல் 760 வரை பதவியில் இருந்தவர், போனிஃபாஸ் அவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மூன்றாமவர் பீடின் மாணவர், பிறகு வேர்மவுத்–ஜாரோவுக்கே மடத்தலைவர். மூன்று பேரை ஒரே ஆளாக்கி, 77 வருடம் கடிதம் எழுதவைத்திருக்கிறேன்.

அந்தோனி என்றால் நம்மூரில் யாரும் உடனே தலையாட்டமாட்டார்கள், எந்த அந்தோனி, கடை அந்தோனியா கப்பல் அந்தோனியா என்றுதான் கேட்பார்கள். அதே வேலையை நீங்களும் செய்யுங்கள்: லிண்டிஸ்ஃபார்ன் கத்பெர்ட், கான்டர்பரி கத்பெர்ட், ஜாரோ கத்பெர்ட். ஊர் தெரியாவிட்டால் எண் போடுங்கள். ஆங்கிலோ-சாக்சன் காலத்து, அதாவது பழைய இங்கிலாந்து ஆட்களைத் திரட்டி வைத்திருக்கும் பேஸ் என்ற தரவுத்தளம் இணையத்தில் இலவசமாக இருக்கிறது, அவர்களும் கத்பெர்ட் 1, கத்பெர்ட் 2 என்றுதான் பிரித்திருக்கிறார்கள். உங்கள் எண்ணும் அவர்கள் எண்ணும் ஒன்றாக இருந்தால் பிறகு சரிபார்க்க லேசு.

இதற்கு நேர்மாறான தொல்லை அல்குயின் கடிதங்களில் வரும். யோர்க்கிலிருந்து பிராங்கு அரசர் சார்லமேனின் அரசவைக்குப் போன அவருக்கு நண்பர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பதில் அப்படி ஒரு பிரியம்: சால்ஸ்பர்க் ஆர்னோ கழுகு, சார்லமேன் தாவீது, அரசரின் தங்கை கிசேலா லூசியா, அரசரின் மகள் ரோட்ரூட் புறா, தான் ஃபிளாக்குஸ். கவனிக்காவிட்டால் ஒரே ஆளுக்கு இரண்டு புள்ளி விழுந்துவிடும். அவர் கடிதங்கள் முந்நூறு அளவில் மிஞ்சியிருப்பதால் ஆரம்பக்காரர்கள் அந்தப் பக்கம் போகவேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

கோடு இழுப்பது

நிறம் பிரிக்காமல் கோடு இழுத்தால் கொஞ்ச நேரத்தில் தாள் சிலந்திவலைதான், ஒன்றும் தெரியாது. நான் வைத்த முறை இது: சிவப்பு இரத்த உறவு, நீலம் கடிதம், பச்சை கைமாறிய பொருள், கறுப்பு ஆசிரியர்–மாணவர் உறவும் குருப்பட்டம் கொடுத்ததும். செபத்துக்குப் பென்சிலால் புள்ளிக்கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் அம்புக்குறியும் ஆண்டும் கட்டாயம். போனிஃபாஸ் வட்டத்துக் கடிதங்களுக்கு, டாங்கிள் என்ற ஜெர்மன் அறிஞர் 1916இல் பதிப்பித்தபோது கொடுத்த எண்களைப் போடுங்கள், எல்லாரும் இன்றைக்கும் அதைத்தான் பாவிக்கிறார்கள்.

ஒரு எடுத்துக்காட்டு. 29ஆம் கடிதம், லியோபா என்ற இளம்பெண் போனிஃபாஸுக்கு எழுதியது. சின்னக் கடிதம்தான். என் அப்பா உங்களுக்கு நண்பர், அவர் இறந்து எட்டு வருடம், அம்மா ஏபே உங்களுக்குச் சொந்தம், அவருக்கும் சுகமில்லை, நான் ஒரே பிள்ளை, உங்களைச் சகோதரனாக நினைக்க ஆசை என்கிறாள். சிறு பரிசொன்று அனுப்புகிறாள். கூடவே தான் கட்டிய செய்யுள் ஒன்றையும் திருத்தித் தரச்சொல்லி வைத்திருக்கிறாள், அந்தக் கலையைச் சொல்லித் தந்தது தன் ஆசிரியை ஈட்பர்க் என்றும் எழுதுகிறாள். பாருங்கள், ஏபே வழியாகச் சிவப்பு ஒன்று, லியோபாவிலிருந்து நீலம் ஒன்று, பச்சை ஒன்று, ஈட்பர்க்கிலிருந்து லியோபாவுக்குக் கறுப்பு ஒன்று. ஒரு பக்கக் கடிதத்தில் நாலு நிறமும் வந்துவிட்டது. பின்னாளில் இதே லியோபாதான் ஜெர்மனிக்குப் போய் பிஷோஃப்ஸ்ஹைம் மடத்துக்குத் தலைவியானார்.

இதில் சகோதரன் என்ற சொல்லைப் பார்த்து உடனே சிவப்புப் பேனையைத் தூக்காதீர்கள். அந்த உலகத்தில் துறவிகள் எல்லாரும் சகோதரர், கன்னியர் எல்லாரும் சகோதரி, மூத்தவர் தாய். நாம் மீன்காரரை அண்ணை என்றும் பக்கத்து வீட்டு ஆளை மாமா என்றும் கூப்பிடுவதில்லையா, அந்த மாதிரித்தான். தாய் பெயரோ சொந்தம் என்ற சொல்லோ வெளிப்படையாக இருந்தால்தான் சிவப்பு.

இன்னொன்று. கடிதம் என்றால் எழுதியவர், பெற்றவர் என்று இரண்டு புள்ளி போதும் என்று நினைப்போம். போதாது. மெர்சியா நாட்டு அரசர் ஈதல்பால்ட் கன்னியர் மடத்துப் பெண்களோடு கெட்ட பழக்கம் வைத்திருந்தார் என்று கண்டித்து போனிஃபாஸும் வேறு ஏழு ஆயர்களும் 746–747 வாக்கில் ஒரு கடிதம் எழுதினார்கள். அதை அரசருக்கு நேரே அனுப்பவில்லை. ஹெரஃப்ரித் என்ற குருவானவரிடம் அனுப்பி, நீங்கள் யாருக்கும் பயப்படாத ஆள் என்று கேள்வி, அரசரும் நீங்கள் சொன்னால் கொஞ்சம் கேட்பாராம், நீங்களே வாசித்து விளக்குங்கள் என்று கேட்டார் போனிஃபாஸ். யோர்க் பேராயர் எக்பெர்ட்டுக்கும் ஒரு பிரதி அனுப்பி, பிழை இருந்தால் திருத்துங்கள் என்றார். அரசருக்குப் போகும் அம்பு ஹெரஃப்ரித்தின் புள்ளிக்குள்ளால் வளைந்துதான் போகவேண்டும். கடிதத்தைக் கொண்டுபோன ஆளின் பெயர் கிடைத்தால் ஒருபோதும் விடாதீர்கள், சின்னப் புள்ளியாகவாவது வையுங்கள். வலையில் உண்மையில் நடந்து திரிந்தவர்கள் அவர்கள்தான், மற்றவர்கள் பாதிப் பேர் இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை.

ஒரு கடிதத்தைப் பிரித்துப் பார்ப்போம்

116ஆம் கடிதத்தில் நாங்கள் இரண்டு சனிக்கிழமை இருந்தோம். 764இல் ஜாரோ கத்பெர்ட், அதாவது பீடின் மாணவர், ஜெர்மனியில் மைன்ஸ் நகரிலிருந்த லுல்லுக்கு எழுதியது. லுல் போனிஃபாஸின் சீடர், அவருக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்தவர்.

லுல் முன்பு இரண்டு துணி அனுப்பியிருந்தார். ஒன்று பீடின் திருப்பண்டங்களை, அதாவது அவருடைய எச்சங்களை, சுற்றி வைக்க முழுப் பட்டு. மற்றது கத்பெர்ட் குளிருக்குப் போர்த்திக்கொள்ளப் பலநிறப் போர்வை. கத்பெர்ட் அதைப் போர்த்தவில்லை, புனித பவுலின் பீடத்துக்கு விரித்துவிட்டார், இந்தப் புனிதரின் நிழலில் 46 வருடமாக இந்த மடத்தில் வாழ்கிறேனே என்று காரணமும் சொல்கிறார். இங்கேதான் கொப்பியை எடுக்கவேண்டும். 764இல் 46ஐக் கழித்தால் 718. பீட் இறந்தது 735. ஆகவே கத்பெர்ட் பீடோடு ஒரே மடத்தில் பதினேழு வருடம் வாழ்ந்திருக்கிறார், அந்தக் கறுப்புக் கோட்டைத் தடிப்பாகவே போடலாம். ஒரு போர்வைக்கு நன்றி சொன்ன வரியிலிருந்து இவ்வளவு கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, கணக்குப் போட்ட பிள்ளை எழும்பி நின்றே சொன்னாள்.

லுல் கேட்டது பீடின் நூல்கள். கத்பெர்ட் புனித கத்பெர்ட்டைப் பற்றி பீட் எழுதிய நூல்களை அனுப்பிவிட்டு, மிச்சத்தையும் அனுப்ப ஆசைதான், போன மாரியில் எங்கள் தீவில் அடித்த குளிரும் பனியும் காற்றும் மழையும் எழுதுபவனின் கையைக் கட்டிப்போட்டுவிட்டது என்று மன்னிப்புக் கேட்கிறார். கூடவே இரண்டு துணியும் ஒரு மணியும் அனுப்புகிறார். பிறகு தன் பங்குக்குக் கேட்கிறார்: உங்கள் பக்கத்தில் கண்ணாடிப் பாத்திரம் செய்யத் தெரிந்தவன் இருந்தால் அனுப்புங்கள், எங்களுக்கு அந்தத் தொழில் தெரியாது. யாழ் வாசிப்பவன் ஒருவனையும் அனுப்புங்கள், யாழ் இருக்கிறது வாசிக்க ஆள் இல்லை. இதைச் சொன்னதற்காகச் சிரிக்காதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறார், பாவம்.

இந்தக் கடிதத்திலேயே எனக்குப் பிடித்தது ஹுன்வின். ஆறு வருடத்துக்கு முன் கத்பெர்ட் இருபது கத்தியும் நீர்நாய்த் தோல் அங்கியும் லுல்லுக்கு அனுப்பியிருந்தார், கொண்டுபோனவர் ஹுன்வின் என்ற குருவானவர். ரோமையும் பார்த்துவிட்டு வரும் எண்ணத்தில் புறப்பட்டவர் தெற்கு இத்தாலியில் பெனவெந்தோ நகரில் இறந்துபோனார். பொருள் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குப் பதில் இல்லை என்கிறார் கத்பெர்ட். இப்படிப்பட்ட இடத்தில் என்ன செய்வது? பச்சைக் கோட்டை ஜாரோவிலிருந்து தொடங்கி பெனவெந்தோவில் நிறுத்தி, நுனியில் சின்னப் பெருக்கல் குறி போடுங்கள். லுல் வரை இழுக்காதீர்கள். அனுப்பினார் என்பது தெரியும், சேர்ந்தது என்பது தெரியாது. கணினியில் செய்யும்போது இந்த வித்தியாசம் முதலில் காணாமல் போகும், அதனால்தான் தாளில் தொடங்கச் சொன்னேன்.

இந்தக் கத்பெர்ட்தான் பீடின் கடைசி நாட்களைப் பற்றியும் எழுதியவர் என்று பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். சாகும் நேரத்தில் பீட் தன் சின்னப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி உள்ளே இருந்ததை மடத்துக் குருக்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்: மிளகு, துணி, சாம்பிராணி. மிளகு விளைந்தது அந்தக் காலத்தில் தென்னிந்தியாவின் மேற்குக் கரையில். ஜாரோவுக்கு அது வந்த வழியில் எத்தனை கை மாறியிருக்கும் என்று யோசித்தால் தலை சுற்றும், அந்தக் கைகளில் ஒன்றின் பெயரும் நமக்கு இல்லை. லுல்லும் நண்பர்களும் இங்கிலாந்தில் குனபர்க் என்ற மடத்தலைவிக்கு அனுப்பிய பரிசிலும் சாம்பிராணி, மிளகு, கறுவா இருந்தன. நம்மூர்க் குசினியில் கைக்கெட்டிய தூரத்தில் கிடப்பது அங்கே மடத்தலைவிக்கு அனுப்பும் வரிசை.

கடிதம் இல்லாதவர்களை எங்கே வைப்பது

கடிதத்தை மட்டும் நம்பினால் ஹில்ட் தாளிலேயே வரமாட்டார். அவர் எழுதிய ஒரு வரிகூட மிஞ்சவில்லை. ஆனால் பீட் சொல்வதைப் பாருங்கள்: விட்பியில் ஆண்களும் பெண்களும் சேர்ந்திருந்த மடத்துக்கு அவர் தலைவி, அரசர்களும் யோசனை கேட்க வருவார்கள், 664இல் ஈஸ்டர் எந்த நாள் என்ற பெரிய வழக்குப் பேசப்பட்டது அவர் மடத்தில், அவர் மடத்தில் படித்த ஐந்து பேர் ஆயர் ஆனார்கள். போசா, ஏட்லா, ஓஃப்ட்ஃபோர், ஜோன், வில்ஃபிரிட் என்று ஐந்து கறுப்புக் கோடு. நீலத்தில் பூச்சியம், கறுப்பில் அந்தத் தாளிலேயே ஹில்ட்தான் முதல். நிறம் பிரிக்கச் சொன்னதற்கு இதுதான் முக்கிய காரணம். எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தால் கடிதம் எழுதியவர்கள் கூட்டத்தில் இவர் அமுங்கிப் போவார்.

நூல்களின் முன்னுரைகளையும் தேடுங்கள். மால்ம்ஸ்பரி மடத்தலைவராக இருந்த ஆல்ட்ஹெல்ம், கன்னிமை பற்றி எழுதிய நூலை பார்க்கிங் என்ற ஊர் மடத்து ஹில்டலித்துக்கும் இன்னும் ஒன்பது பெண்களுக்கும் பெயர் சொல்லிக் காணிக்கையாக்கியிருக்கிறார், பத்துப் புள்ளி ஒரே இடத்தில் கிடைக்கிறது. அதைவிடப் பெரிய சுரங்கம் பீட் 731இல் முடித்த திருச்சபை வரலாற்றின் முன்னுரை. எந்தச் செய்தி யாரிடமிருந்து வந்தது என்று அவரே வரிசையாகச் சொல்கிறார். கான்டர்பரியிலிருந்து மடத்தலைவர் அல்பினுஸ், அவர் சொன்னதையும் எழுதியதையும் வடக்கே கொண்டுவந்த லண்டன் குருவானவர் நோத்ஹெல்ம், மேற்குச் சாக்சன் நாட்டுச் செய்திக்கு வின்செஸ்டர் ஆயர் டேனியல், லாஸ்டிங்ஹாம் துறவிகள், கிழக்கு ஆங்கிலியாவுக்கு மடத்தலைவர் ஏசி, லிண்ட்சி நாட்டுக்கு ஆயர் சினபெர்ட். நோத்ஹெல்ம் ரோமுக்கே போய், பாப்பரசரின் அனுமதியோடு ஆவணப் பெட்டகத்தைத் துருவி முதலாம் கிரகோரியின் கடிதங்களைக் கண்டெடுத்து பீடிடம் கொண்டுவந்தார். பீடோ ஏழு வயதில் மடத்துக்குள் போனவர், அதன்பின் வாழ்நாள் முழுக்க அங்கேயே என்று தானே எழுதுகிறார். இருந்த இடத்திலேயே இருந்து இத்தனை கோடு.

பெயர்ப் பட்டியல்கள் பற்றிக் கொஞ்சமாகச் சொன்னால் போதும். டராம் வாழ்வின் புத்தகம் என்று ஒன்று இருக்கிறது, ஒன்பதாம் நூற்றாண்டில் பொன் மையிலும் வெள்ளி மையிலும் மாறி மாறி எழுதிய மூவாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள், அரசர், அரசி, மடத்தலைவி, மடத்தலைவர், குரு, துறவி என்று வகை பிரித்து. செபத்தில் நினைப்பதற்காக. நவம்பர் 2ஆம் திகதி பூசைக்கு இறந்தவர்கள் பெயரை எழுதிக் கொடுப்போமே, அதுதான் காரியம். ஆனால் ஒரே பக்கத்தில் இருப்பதால் இருவருக்கும் பழக்கம் என்று கோடு இழுக்கக்கூடாது. சாசனங்களில் சாட்சி வைத்தவர்கள் வரிசையும் அப்படியே, ஆயர்கள் எல்லாம் ஒரு சங்கத்துக்கு வந்திருந்தார்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் எடுக்க முடியாது. பேராயர் தியடோர் கூட்டிய ஹெர்ட்ஃபர்ட் சங்கம் வருடா வருடம் ஓகஸ்ட் 1ஆம் திகதி குளோஃபெஷோவில் கூடுவோம் என்று தீர்மானித்தது, அந்தக் குளோஃபெஷோ எந்த இடம் என்று இன்றைக்கும் யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

பெட்டி யாருடையது

தாள் நிரம்பியதும் நடுவில் போனிஃபாஸ் பூதாகாரமாக நிற்பார், பக்கத்தில் லுல். பார்த்துவிட்டு எட்டாம் நூற்றாண்டே அவரைச் சுற்றித்தான் சுழன்றது என்று பரீட்சையில் எழுதிவிடாதீர்கள். அந்தக் கடிதங்கள், கிட்டத்தட்ட நூற்றைம்பது, திரட்டப்பட்டது லுல் இருந்த மைன்ஸ் வட்டத்தில். இன்று மியூனிக், கார்ல்ஸ்ரூஹே, வியன்னா நகரங்களில் இருக்கும் பிரதிகள் அதன் வழியில் வந்தவை. லுல்லின் அலுமாரியில் கிடந்ததால் அதில் லுல்லும் அவர் குருவும்தான் நடுவில் இருப்பார்கள். வின்செஸ்டரில் டேனியலின் கடிதக்கட்டு ஒன்று இதே மாதிரித் தப்பியிருந்தால் தாள் வேறு மாதிரி இருந்திருக்கும். என் பெரியம்மாவின் நினைவு மலரை வைத்துத் திருமலையை வரைந்தால் பெரியம்மாதான் திருமலையின் மையம் என்று வரும், அதே கதை. இதற்காக, ஒவ்வொரு கோடும் எந்தத் தொகுப்பிலிருந்து வந்தது என்று ஓரத்தில் ஒரு எழுத்துக் குறி போட்டுவையுங்கள். நாங்கள் மைன்ஸ் தொகுப்புக்கு ம, பீடின் முன்னுரைக்கு மு.

இப்போது குத்தி

குத்தியால் ஒரு புள்ளியை மூடிவிட்டு, மிச்ச வலை ஒட்டிக்கொண்டு நிற்கிறதா, துண்டாகிறதா என்று பார்க்கவேண்டும். கெஃபி என்ற இலவச மென்பொருளும் எண்ணிக்கையாக இதைக் கணக்கிட்டுத் தரும், நூறு புள்ளிக்குக் கீழே என்றால் குத்தியே போதும். போனிஃபாஸை மூடினோம். ம எழுத்துப் பக்கம் கலைந்து போனது, மு எழுத்துப் பக்கம் அசையவில்லை. பீடை மூடினால் நேர்மாறு. அப்படியானால் இரண்டு பக்கத்தையும் கட்டி வைத்திருப்பது யார்? ம, மு இரண்டும் ஒருங்கே விழுந்த புள்ளிகளைத் தேடச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் இரண்டு கிடைத்தது: டேனியல், நோத்ஹெல்ம். இரண்டு குத்தியையும் அவற்றின் மேல் வைத்தோம், போனிஃபாஸ் இருந்த காலத்துத் தாள் நடுவால் பிளந்துவிட்டது.

டேனியல் போனிஃபாஸுக்குப் பழைய ஆதரவாளர். கண் மங்கிவிட்டது, என் ஆசிரியர் விட்டுப்போன தீர்க்கதரிசிகள் புத்தகத்தை, அந்தப் பெரிய தெளிவான எழுத்தில் இருப்பதை, அனுப்புங்கள் என்று போனிஃபாஸ் 63ஆம் கடிதத்தில் கேட்பது இவரிடம்தான். ஆக, பீடுக்கும் போனிஃபாஸுக்கும் நடுவில் இரண்டு பொது நண்பர்கள். கேள்வி கேட்ட பிள்ளை, அப்போ தெரியும்தானே அண்ணை என்றாள். கொஞ்சம் பொறு என்று 33ஆம் கடிதத்தை எடுத்தேன்.

735 வாக்கில் போனிஃபாஸ் நோத்ஹெல்முக்கு எழுதுகிறார், நோத்ஹெல்ம் அப்போது கான்டர்பரிப் பேராயர். அவர் கேட்பதில் நமக்கு வேண்டியது இரண்டு விஷயம். இங்கிலாந்துக்கு வந்த அகஸ்டின் கேட்ட கேள்விகளுக்குப் பாப்பரசர் முதலாம் கிரகோரி எழுதிய பதில்களின் பிரதி ஒன்று வேண்டும், ரோமில் ஆவணப் பெட்டகத்தில் தேடியும் இல்லை என்றுவிட்டார்கள். இரண்டாவது, கிரகோரி அனுப்பிய முதல் போதகர்கள் எந்த ஆண்டில் ஆங்கிலேயரிடம் வந்தார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள். இரண்டுக்கும் பதில் பீடின் வரலாற்றில் இருக்கிறது. கேள்வி பதில் முழுவதும் இருக்கிறது, 597 என்று ஆண்டும் இருக்கிறது. அந்த நூல் முடிந்து நாலு வருடம். கேட்கப்படுகிற நோத்ஹெல்மோ, அந்த நூலுக்காக ரோமில் தேடிக் கொடுத்தவர். ஆனால் போனிஃபாஸின் கையில் நூல் இல்லை. பீடும் தன் வரலாற்றில் போனிஃபாஸைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. நேரே ஒரு கோடு இழுக்க எங்கும் இடமில்லாமல், பொது நண்பர்கள் இரண்டு பேர் மட்டும் நடுவில் நிற்கிறார்கள்.

பிறகு 746–747 வாக்கில் 76ஆம் கடிதம் வருகிறது. பீடின் மடத்துத் தலைவர் ஹ்வேட்பெர்ட்டுக்கு போனிஃபாஸ் எழுதியது. உங்களிடையே திருச்சபைக்கு மெழுகுதிரி மாதிரி ஒளிவிட்டார் என்று அண்மையில் கேள்விப்பட்ட துறவி பீடின் நூல்கள் சிலவற்றைப் பிரதி செய்து அனுப்புங்கள் என்கிறார். அண்மையில் என்ற அந்தச் சொல்லை வாசித்ததும் விறாந்தையில் ஒருவரும் பேசவில்லை, பீட் இறந்து பதினொரு பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. கடிதத்தோடு பரிசும் போயிருக்கிறது, ஆட்டு உரோமத்தில் செய்த படுக்கை விரிப்பு. அந்தப் பிள்ளையே பச்சைப் பேனையை எடுத்து போனிஃபாஸிலிருந்து ஜாரோ வரை கோடு இழுத்து, ஹ்வேட்பெர்ட்டின் புள்ளியில் நிறுத்தி, ஓரத்தில் ம 76, ஆட்டுரோம விரிப்பு என்று எழுதினாள்.